அருளுக்கு நான்தான் மூக்கு

என் உத்தியோகத்தில் மேலதிகாரி ஒரு சத்தம்தான். விளக்கை அணைத்த பிறகு அது விசிலடித்தால் எழுந்து ஓட வேண்டும், அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

விஷயம் இதுதான். என் மகன் அருளுக்கு ஒன்றரை வயதில் தொண்டை அடைப்பான் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டு, ஒரு வெள்ளிக் குழாயைச் செருகி உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். நோய் போய்விட்டது, குழாய் போகவில்லை. உள்ளே மூச்சுப் பாதை சுருங்கியிருக்கிறது, பிள்ளை வளர வளர அதுவும் விரியும், அதுவரைக்கும் குழாய்தான் என்று சொல்லி எங்களைக் கொடைக்கானலில் எங்கள் வீட்டுக்கே அனுப்பி வைத்தார்கள்.

குழாய் என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. வெளிக்குழாய் கழுத்திலேயே நாடா கட்டி இருக்கும். உள்குழாயை நான் கழற்றி, சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, கொதிக்க வைத்து, மறுபடி போட வேண்டும். நீங்களும் நானும் இழுக்கிற காற்றை மூக்கு நனைத்து, இளஞ்சூடாக்கி உள்ளே அனுப்புகிறது. அருளுக்குக் காற்று மூக்குப் பக்கமே போகாமல் நேரே கழுத்துத் துளைக்குள் நுழைகிறது. வறண்ட காற்றானால் சளி காய்ந்து பக்குக் கட்டும். பக்கு குழாயை அடைக்கும். அடைத்தால் மூச்சு இல்லை. இதை வார்டு சிஸ்டர் எனக்கு மூன்று தடவை சொல்லிவிட்டு, நான் நாலாவது தடவையும் முழித்ததைப் பார்த்து, “இனிமே இவனுக்கு மூக்கு நீதாம்மா” என்றார்.

கான்வென்டில் ‘நான் பெரியவளானால்’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்கள். டீச்சர், நர்ஸ், தபால் ஆபீஸ் கிளார்க் என்று வருஷத்துக்கு ஒன்றாக எழுதியிருக்கிறேன். மூக்கு என்று ஒரு வருஷமும் எழுதியதில்லை.

அருள் தூங்குகிறான். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடாமல் இருப்பதற்காக இதை எழுதுகிறேன். பிள்ளையின் மூச்சை எண்ணியே ராத்திரிகளைக் கழித்த அம்மாக்களே, உங்களுக்குத்தான் இது. மற்றவர்கள் படித்தால் நான் கொஞ்சம் கிறுக்கு என்று நினைப்பார்கள்.

வெளியே யார்?

வீட்டுக்கு வந்து நாலாம் நாள். என் வீட்டுக்காரர் காய்கறி லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு ராத்திரி மலைக்குக் கீழேதான் இருப்பார். அன்றும் இல்லை. விளக்கை அணைத்துப் படுத்த கொஞ்ச நேரத்தில் ஒரு விசில் கேட்டது. மெல்லிசாக, விட்டு விட்டு. யாரோ பல்லிடுக்கில் காற்றை ஊதி யாரையோ கூப்பிடுகிற மாதிரி. திருடன்தான், இன்னொரு திருடனுக்கு ஜாடை காட்டுகிறான் என்று முடிவு செய்துவிட்டேன். தனியாக இருக்கிற பெண்ணுக்கு அந்த நேரத்தில் வேறென்ன தோன்றும்? ஜெபமாலையை ஒரு கையிலும் டார்ச்சை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். மூடுபனியாய் மஞ்சு கட்டிக் கிடந்தது. டார்ச் வெளிச்சம் இரண்டடிக்கு மேல் போகவில்லை. “யார்றா அது?” என்று கத்தினேன். வெளியே விசில் இல்லை. திரும்பி உள்ளே வந்தால் இருக்கிறது.

என் சத்தத்தைக் கேட்டு அடுத்த வீட்டுப் பாக்கியம் அக்கா ஓடி வந்தாள். விடுதிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிறவள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த குடும்பம். புருஷன் இல்லை, பயமும் இல்லை. நான் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் திருடனைத் தேடிக்கொண்டிருக்க, அவள் நேரே பிள்ளையிடம் குனிந்து, குழாய்ப் பக்கம் காதை வைத்தாள். உள்குழாயின் வாயில் சளி காய்ந்து, கஞ்சி காய்ந்த மாதிரி ஒட்டியிருந்தது. மீதி இருந்த சந்து வழியாகத்தான் அந்த விசில். கழற்றுவதற்குள் என் கை நடுங்கிய நடுக்கத்தில் டார்ச் வெளிச்சம் கூரையெல்லாம் ஓடியது. பாக்கியம் அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“விசிலடிக்கிறது திருடன் இல்ல புள்ள, ஒம் மவன்தான். டார்ச்சைக் கீழ வச்சிட்டுச் சுருக்கா குழாயக் கழத்து.”

கணப்பு

இந்த மலையில் பிறந்தவர்களுக்கு ஒரே ஒரு வைத்தியம்தான் தெரியும்: குளிர் ஆகாது, நெருப்புப் போடு. விசில் சங்கதி தெருவில் பரவியதும் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள், ‘பிள்ளைக்குக் குளுரு ஏறிருச்சு’ என்று. ஒருவர் விறகு கொடுத்தார். ஒருவர் கரி கொடுத்தார். மூக்கு காற்றை ‘நனைத்து, சூடாக்கி’ என்று சிஸ்டர் சொன்னதில், நனைப்பதை விட்டுவிட்டு சூடாக்குவதை மட்டும் நான் மனசில் வாங்கியிருந்தேன். மூன்று நாள் ஜன்னலைச் சாத்தி, சாக்கை அடைத்து, கணப்பில் விறகு எரிய விட்டேன். போதாதென்று ஒரு கரி அடுப்பு. அறைக்குள் நுழைந்தால் உதடு வெடிக்கும். பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

நாலாம் நாள் வெள்ளனே குழாய் அடைத்துக்கொண்டது. உள்குழாயைக் கழற்றியும் இழுப்பு நிற்கவில்லை. பக்கு அதற்கும் கீழே இறங்கிவிட்டது. நல்ல வேளையாக என் வீட்டுக்காரர் அப்போதுதான் லாரியை நிறுத்தியிருந்தார். கேரட் மூட்டையை இறக்காமலே மதுரைக்கு ஓட்டினார். அருள் என் மடியில் விலா குழிய குழிய மூச்சு வாங்கினான். அழுதான், குழாய் போட்ட பிள்ளைக்கு அழுகையில் சத்தம் வராது, கண்ணீர் மட்டும்தான் வரும். டாக்டர் பக்கை எடுத்துவிட்டு, வீட்டில் என்ன செய்தேன் என்று கேட்டார். கணப்பைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னேன். மூடின அறையில் கரி அடுப்பு வைத்ததற்கு முதலில் ஒரு பாட்டம் திட்டினார். பிறகு நிதானமாக, இன்னொரு தடவை இப்படிக் காய்ந்து அடைத்து வந்தால் பிள்ளையை மலைக்கு அனுப்ப மாட்டேன், குழாய் எடுக்கிற வரைக்கும், அது எத்தனை வருஷமானாலும், வார்டில்தான் இருப்பான் என்றார். குளிரிலிருந்து காப்பாற்றத்தானே டாக்டர் என்று ஏதோ முனகினேன். அவர் சொன்னார்:

“நீங்க காப்பாத்தலம்மா, பிள்ளையை அப்பளம் மாதிரி காய வச்சிருக்கீங்க.”

கேரட் வைத்தியம்

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சே ஈரம்தான். டாக்டர் சொன்னபடி கழுத்தில் நனைத்த வலைத்துணி கட்டினேன். உப்புத் தண்ணீர் சொட்டு விட்டேன். சளியை உறிஞ்சக் காலால் மிதிக்கிற ஒரு பம்ப் கொடுத்தார்கள், அதையும் மிதித்தேன். ஆனாலும் அறை காய்ந்துதான் கிடந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், “ஏய், இதுக்கா இம்புட்டு ரோசனை? கீழ எறங்குற வரைக்கும் கேரட்டு வாடாம இருக்க நாங்க என்ன செய்யுறோம்? ஈரச் சாக்கைப் போட்டு மூடுறோம்ல?” என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. லாரியிலிருந்து பன்னிரண்டு சாக்கைக் கொண்டுவந்து, நனைத்து, சுவரைச் சுற்றி ஆணியடித்துத் தொங்க விட்டுவிட்டார். ஈரம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கூடவே மண் வாசனையும், சணல் நாற்றமும், எங்கிருந்தோ இரண்டு நத்தையும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சின் பங்கு மருந்தகத்து சிஸ்டர் பார்க்க வந்தார். வயசானவர். அதிர்ந்து பேசமாட்டார். அறையின் நடுவில் நின்று நாலு சுவரையும் பார்த்தார். சணல் தூசி குழாய்க்கு ஆகாது, சாக்கை எடுத்துவிடு என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் மனசும் நோகக்கூடாது. கொஞ்சம் இருமிவிட்டுச் சொன்னார்:

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா இன்னும் ரெண்டு நாள் விட்டீங்கன்னா கட்டிலுக்குக் கீழ உருளைக்கிழங்கு முளைச்சிரும்.”

பானை

சாக்கு போனது, கட்டில் அடுப்படிக்கு வந்தது. வீட்டிலேயே ஆவி இருக்கிற இடம் அதுதானே. அடுப்பைச் சுற்றி என் வீட்டுக்காரர் கோழிக்கூண்டுக் கம்பியால் ஒரு வேலி அடைத்துக் கொடுத்தார், பிள்ளை கையை நீட்டிவிடக்கூடாது என்று. ஒரு பெரிய அலுமினியப் பானையில் தண்ணீர் எந்நேரமும் தளதளவென்று கொதிக்கும். பக்கத்தில் சின்னச் சட்டியில் உள்குழாய் கொதிக்கும். அதற்குக் கடிகாரம் எல்லாம் கிடையாது. ஜெபமாலையில் இருபது மணி உருட்டிச் சொல்லி முடித்தால் குழாய் தயார். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளும் பிள்ளை வளர்த்தவள்தானே.

பழனியிலிருந்து நாத்தனார் வந்தார், பிள்ளையைப் பார்க்க, காலை பஸ்ஸில். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர். அவருக்கு ஒரு அடுப்பு சும்மா எரிவதைப் பார்க்கவே முடியாது. உட்கார்ந்தார், பேசினார், அருளைக் கொஞ்சினார், கண் மட்டும் பானையை விட்டு நகரவில்லை. நான் தண்ணீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தேன். மத்தியானம் ஆனது. நானோ அன்று சோற்றை வெள்ளனே வடித்து மூடி வைத்துவிட்ட சங்கதியைச் சொல்ல மறந்துபோனேன். கடைசியில் நாத்தனார் பொறுக்க முடியாமல் எழுந்துவந்து, பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“நானும் வந்ததுல இருந்து பாக்கேன், டெய்சி, இந்தப் பானையில நீ எப்பத்தான் அரிசி போடுவ?”

வட்டக்கானல் விரிப்பு

பானை பகலுக்குச் சரி. ராத்திரி முழுக்க அடுப்பை எரியவிட்டுத் தூங்க முடியுமா? அதனால் ராத்திரிக்கு மட்டும் கட்டில் மறுபடி கணப்பு அறைக்கே போனது. கணப்பில் கொஞ்சம் நெருப்பு இல்லாவிட்டால் ஐப்பசிக் குளிர் தாங்காது. நெருப்பு இருந்தால் அறை காய்கிறது. இந்தக் கணக்குக்கு விடை தெரியாமல் இருந்தபோதுதான் அடைமழை பிடித்தது. பதினோரு நாள் சூரியனைக் காணோம். எனக்கு விசில் பயம் என்றால் பாக்கியம் அக்காவுக்கு வேறு பயம். வட்டக்கானல் விடுதியிலிருந்து வந்த இருபத்துநாலு படுக்கை விரிப்பு வெளுத்தபடி ஈரமாகக் கிடக்கிறது, வீட்டுக்குள் கொடி கட்ட இடமில்லை, கணப்பும் இல்லை. விடுதிக்காரர் தினம் ஆள் அனுப்புகிறார். “சோலியே போயிரும் போல புள்ள” என்று வந்து உட்கார்ந்தவள், என் கணப்பைப் பார்த்தாள். நான் அவள் தோளில் கிடந்த ஈர விரிப்பைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

அன்று சாயங்காலம் அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக எட்டுக் கொடி. கணப்பு விரிப்பைக் காய வைத்தது, விரிப்பு அறைக்கு ஈரத்தைக் கொடுத்தது. அருளின் கட்டில் வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் கப்பல் மாதிரி நின்றது. அன்று ராத்திரி விசில் இல்லை. சத்தம் இல்லையே என்று பயந்து ஐந்து தடவை எழுந்து பார்த்தேன். காலையில் உள்குழாயைக் கழற்றினால் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், குழாயைப் பார்த்து யாரும் அப்படி அழுதிருக்கமாட்டார்கள். அதிலிருந்து பாக்கியம் அக்கா பொழுது சாய எட்டு ஈர விரிப்பு கொண்டுவந்து போட்டு, காலையில் காய்ந்ததை எடுத்துப் போவாள். கோடையில் வெயிலிலேயே காய்ந்துவிடும் துணியைக் கூட எனக்காக எட்டு மட்டும் ஒதுக்கி வைப்பாள்.

ஒரே ஒரு சிக்கல். டாக்டர் ஆவியில் விடச் சொன்ன மருந்துக்குச் சாம்பிராணி வாசம். அது விரிப்பில் ஏறிக்கொண்டது. எங்களுக்கு மூக்கு பழகிவிட்டதால் தெரியவில்லை. ஒருநாள் வட்டக்கானல் விடுதிக்காரரே விரிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி புகார் சொல்லியிருக்கிறதாம். நான் கட்டிலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அருளையும் எட்டுக் கொடியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை, துணியையும் நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு இதை மட்டும் சொன்னார்:

“கல்யாணம் முடிஞ்சு நாலு நாளாச்சு, இன்னும் சர்ச்சுக்குள்ளயே படுத்திருக்கிற மாதிரி இருக்குன்னு மாப்பிள்ளை வருத்தப்படுறாருங்க, ஜன்னலை மட்டும் கொஞ்சம் தெறந்து வைங்க.”

வத்தலக்குண்டு தாண்டி

மாசத்துக்கு ஒருமுறை மதுரைக்குக் காட்டப் போக வேண்டும். லாரி கிடைக்காத மாசம் பஸ். மலையில் இருக்கும்வரை பரவாயில்லை, மஞ்சு ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். வத்தலக்குண்டில் இறங்கியதும் அனல் காற்று கழுத்துத் துணியை அப்பளமாக்கிவிடும். ஆகையால் மடியில் பிள்ளை, கையில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், இன்னொரு கையில் பஞ்சு. துணியைக் கழற்றி நனைத்துப் பிழிந்து கட்டுவேன், காயும், மறுபடி நனைப்பேன். பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு நிறுத்தம் பொறுத்துவிட்டு, வேட்டி நனைகிறது என்று எழுந்து பின்னால் போய்விட்டார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே போகவர இதைக் கவனித்திருக்கிறார். வழியில் பஸ் நின்ற இடத்தில் ஓடிப்போய் என் பாட்டிலில் டீக்கடையிலிருந்து கொதித்து ஆறிய தண்ணீர் வாங்கி நிரப்பிக் கொடுத்தவரும் அவர்தான். கொடுக்கும்போது கேட்டார்:

“ஏங்க, இது பிள்ளையா ரோசாச் செடியா, இத்தனை தடவை தண்ணி தெளிக்கிறீங்க?”

காய்ந்த கைலி

இதைச் சிரிக்காமல் சொல்கிறேன். ஒரு தை மாசம். மேகமே இல்லாத வானம், புல்லில் உறைபனி, காற்றில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. பாக்கியம் அக்கா பண்ணைக்காட்டில் தங்கச்சி மகள் சடங்குக்குப் போயிருந்தாள். விரிப்பு இல்லை. அவரும் லாரியில். என்ன இருக்கிறதோ அதை நனைத்தேன். என் சேலைகள், அவர் சட்டைகள், துண்டு, தலையணை உறை, கடைசியில் பெட்டியைத் திறந்து என் கல்யாணப் பட்டுச் சேலையையும் நனைத்துக் கட்டில் தலைமாட்டில் தொங்க விட்டேன். அப்படியும் நடு ராத்திரிக்கு மேல் கண் அசந்து முழித்தால், விசில் இல்லை. சத்தமே இல்லை. பிள்ளையின் விலா மட்டும் உள்ளே போய் உள்ளே போய் வருகிறது. உதடு நீலம்.

கத்தினாலும் கேட்க ஆள் இல்லை என்று தெரிந்ததாலோ என்னவோ, நான் கத்தவில்லை. உள்குழாயைக் கழற்றினேன். போதவில்லை. உப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டேன். ரப்பர் குழாயை விட்டு, காலால் பம்பை மிதித்தேன். வரவில்லை. மறுபடி சொட்டு, மறுபடி மிதி. அருள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவை ‘டபக்’கென்று ஒன்று வந்தது, புளியங்கொட்டை அளவு, அதே நிறம். காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. அவன் உதடு சிவந்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். நடுங்கவே இல்லை. அதைப் பார்த்ததும் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

விடிந்து அவர் வந்தபோது அருள் என் மடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவன் வாயைத் துடைத்துவிட்டு நடந்ததைச் சொல்ல நிமிர்ந்தேன். குளிரில் விறைத்து வந்தவர், வீடு முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்த துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போய், கடைசிக் கொடியில் நின்று பரிதாபமாகக் கேட்டார்:

“கட்டிக்கிட ஒரு காஞ்ச கைலி கூடவா விட்டு வைக்கல?”

டாக்டரின் கண்ணாடி

அந்த மாசமும் மதுரைக்குக் காட்டப் போனேன். அடைத்தது அடைத்ததுதானே. மறைத்துவிடலாமா என்று மலை இறங்குகிற வரைக்கும் யோசித்தேன். கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் பாவசங்கீர்த்தனம் செய்து வளர்ந்தவளுக்கு அது முடிகிற காரியமா? வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், உறைபனி, பட்டுச் சேலை, புளியங்கொட்டை வரைக்கும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எத்தனை சொட்டு, எத்தனை தடவை, யார் கூட இருந்தது என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அருளுடைய நெஞ்சில் குழல் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். வார்டில் விட்டுவிட்டுப் போ என்று சொல்லப் போகிறார் என்று நான் பிள்ளையின் துணிப்பையைக் கீழேகூட வைக்காமல் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்:

“வார்டுல இவனுக்கு வச்சிருந்த கட்டிலை வேற பிள்ளைக்குக் குடுத்தாச்சும்மா, நீங்க வெரசாப் போய் பஸ்ஸைப் பிடிங்க.”

குளியலறை

இப்போது அருளுக்கு ஆறு வயசு ஆகிறது. பாதை கொஞ்சம் விரிந்திருக்கிறது. விரலால் துளையை மூடிக்கொண்டால் குரல் வருகிறது, வெற்றிலை போடுகிற பெரியவர் மாதிரி கரகரவென்று. கழுத்துத் துணியைத் தானே நனைத்துக் கட்டிக்கொள்ளத் தெரியும். ஜூனில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். எனக்குத்தான் அவனை விட்டு ஒரு அறை தள்ளிப் போகத் தெரியவில்லை.

குளியல் நேரம் அவனுக்குப் பிடித்த நேரம். அண்டா வெந்நீரில் குளியலறை முழுக்க ஆவி. அதைவிட நல்ல மூச்சு அவனுக்கு வேறெங்கும் கிடையாது. ஆனால் தண்ணீர் துளைக்குள் போய்விடக்கூடாது. அதனால் மனை போட்டு உட்கார வைத்து, நெஞ்சுக்குக் கீழே மட்டும் நான்தான் ஊற்றுவேன். போன சனிக்கிழமை குளிப்பாட்டி, துவட்டி, மீதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொடியில் கிடந்த சட்டையை எடுக்க வெளியே வந்தேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அந்தத் தாழ்ப்பாள் ஆவியில் துருவேறிப் போனது. நானே இரண்டு கையால் தள்ளினாலும் நகராது. கிறீச் என்றது. நின்றது. மறுபடி கிறீச். பிறகு டக்.

ஓடிப்போய்க் கதவில் மோதினேன். “அருள்! கதவைத் திற! தரை வழுக்கும்டா! மூச்சு விடுறியா?” பதில் இல்லை. கதவில் காதை வைத்தேன், சேலைத் தலைப்பைக் கடித்தேன், தட்டினேன், இடித்தேன். பாக்கியம் அக்கா தோளில் ஈர விரிப்போடு ஓடி வந்தாள். “உடைங்கக்கா!” என்றேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தி, வாயில் விரலை வைத்தாள். உள்ளே பொத்தென்று ஒன்றும் விழவில்லை. நிதானமாகக் காலடி, பிறகு டிராயரை உதறுகிற சத்தம். அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, விரலை வைத்து அழுத்திக்கொண்டு, கரகரத்த குரல் வந்தது:

“அம்மா, நான் பெரிய பையன், எனக்கு வெக்கமா இருக்கு, பெரிம்மாவையும் கூட்டிக்கிட்டு அங்கிட்டுப் போங்க.”

ஆக, நாலரை வருஷ சர்வீசில் எனக்குக் கிடைத்த முதல் விடுமுறை ஐந்தே நிமிஷம், அதையும் நான் உள்பக்கம் தாழ் போட்ட ஒரு கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கழித்தேன்.